அம்புக்கு முன்னால் வந்து நின்றவர்

நான்கு வருடங்களுக்கு முன்னால், நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஷார்ஜாவின் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் வில்லும் அம்பும் விற்கிற ஒரு கடையில் அப்போது எனக்கு வேலை. ஊரில் இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். "நாடகக் கம்பெனிக்கா விக்கிறீங்க?" என்று என் மைத்துனர் ஒருமுறை கேட்டார். இந்தக் காலத்து வில் அப்படி இருக்காது. இரண்டு முனையிலும் சக்கரம் வைத்திருக்கும். நாணை இழுத்து விட்டால் அம்பு போவதே கண்ணுக்குத் தெரியாது. அம்பும் கார்பன் இழையில் செய்த மெல்லிய குழல்தான். பென்சில் பருமன் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. கையில் எடுத்தால் எடையே தெரியாது.

நான் அருப்புக்கோட்டை பக்கத்துக் கிராமத்துக்காரன். அலுமினிய ஜன்னல் செய்கிற வேலைக்கென்று விமானம் ஏறியவன். அந்தக் கம்பெனியை மூடியதும், அறை நண்பர் ஒருவர் சொல்லி இந்தக் கடையில் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். அளந்து வெட்டுவது, மரை போடுவது எல்லாம் கை பழகிய வேலை என்பதால் சீக்கிரமே அம்பு மேஜை என் பொறுப்புக்கு வந்துவிட்டது. ஐந்து வருடம் அந்த மேஜையில் இருந்தேன். "உன் கை பட்டால் அம்பு நேராகப் போகும்" என்று வாடிக்கையாளர்கள் சொல்லிச் சொல்லி, எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

என்ன வேலை என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நடந்தது புரியும். பயிற்சிக்கு விடும் அம்பில் மொட்டையான முனை இருக்கும். வேட்டைக்கு விடும் அம்பில் பிராட்ஹெட் என்று ஒன்றைத் திருகிப் பொருத்துவோம். இரண்டு மூன்று பிளேடுகள் வைத்த முனை. சவரக் கத்தியைவிடக் கூர்மை. அதைத் திருகுவதற்குக் குழலின் வாயில் மரை போட்ட சின்ன உலோகத் துண்டு ஒன்றை ஒட்டியிருப்போம், அதற்கு இன்சர்ட் என்று பெயர். இன்சர்ட் கோணலாக இருந்தால் முனை கோணும், முனை கோணினால் அம்பு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. இது சின்ன ஆபத்து. பெரிய ஆபத்து, குழலிலேயே விரிசல் இருப்பது. நாணை முழுதாக இழுத்து நிற்கும்போது அந்த பிளேடு, வில்லைப் பிடித்திருக்கும் கைக்கு இரண்டு விரல்கடை முன்னால் இருக்கும். விடுகிற நொடியில் அம்பு உடைந்தால் கார்பன் சில்லுகள் கையைத் துளைத்துக்கொண்டு போகும். அப்படித் துளைத்த ஒரு கையின் புகைப்படத்தை எங்கள் மேஜைக்கு மேலேயே ஒட்டி வைத்திருந்தோம், எச்சரிக்கைக்காக.

அமீரகத்தில் வேட்டை கூடாது. வேட்டைக்கென்று ஆப்பிரிக்கப் பக்கம் போகிறவர்கள்தான் எங்களிடம் பிராட்ஹெட் பொருத்திக்கொண்டு போவார்கள். அப்படி ஒருவர், அறுபது வயதைத் தாண்டிய எமராத்தி பெரியவர். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார், அவர் பேசும் ஹிந்தி என்னுடையதைவிட நன்றாக இருக்கும். ஞாயிறு காலை அவருக்கு விமானம். பன்னிரண்டு அம்புகளிலும் பழைய அலுமினிய இன்சர்ட்டை எடுத்துவிட்டு, கனமான பித்தளை இன்சர்ட் வைத்து, புது பிராட்ஹெட் போட்டுத் தரச் சொல்லி, ஸ்பேருக்கு ஒன்றும் சேர்த்துப் பதின்மூன்று அம்புகளை வியாழக்கிழமையே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

அதே சனிக்கிழமை காலை ஊரில் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. தட்டு மாற்றுகிற நேரம் ஊரில் பதினொன்று என்றால் எங்களுக்கு ஒன்பதரை. மேனேஜர் துபாய்க்குப் போயிருந்தார், கடையில் நான் மட்டும். போனை மேஜையில் சாய்த்து வைத்து, வீடியோ காலில் நிச்சயத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். முந்தைய நாளே முடித்திருக்க வேண்டிய வேலை அது. பாதிதான் முடிந்திருந்தது.

பழைய இன்சர்ட்டை எடுக்க ஒரு முறை இருக்கிறது. அதன் மரையில் நீளமான போல்ட் ஒன்றைத் திருகி, அந்த போல்ட்டை மட்டும்தான் தீயில் காட்ட வேண்டும். சூடு மெல்ல உள்ளே ஏறி, பசை இளகி, இன்சர்ட் தானாக வழுக்கிக்கொண்டு வரும். குழலின் மேல் தீ படவே கூடாது. கார்பன் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஒருவகைப் பசைதான். சூடு பட்டால் அது செத்துவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எனக்கு இது தெரியும். ஆனால் போனில் என் தங்கை பட்டுச்சேலையோடு வந்து உட்கார்ந்தாள். அம்மா, "அண்ணனுக்குக் காட்டு, அண்ணனுக்குக் காட்டு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கையில் பர்னர், ஒரு கையில் அம்பு, கண் மட்டும் போனில். சீக்கிரம் முடிய வேண்டும் என்று தீயைக் குழலுக்குப் பக்கத்திலேயே பிடித்தேன். லேசாக ஒரு வாடை வந்தது. பசை வாடை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்று சொல்வதுகூடப் பாதிதான் உண்மை.

பத்தேமுக்காலுக்குப் பன்னிரண்டும் தயார். உருளை மேல் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். முனை அசையாமல் ஊசிபோல் நின்று சுற்றியது. அதோடு விட்டுவிட்டேன். குழலை லேசாக வளைத்து, திருப்பித் திருப்பிக் காதருகே வைத்துக் கேட்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் கடைசிப் படி. சத்தம் வந்தால் விரிசல். அதைச் செய்யவில்லை. பெரியவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒரு அம்பை எடுத்துச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார்.

"சப் செக் கியா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டாயா என்று.

"ஹான் சார். சப்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. என்னை நம்பினார். மதியம் தோட்டத்தில் நாலைந்து அம்பு விட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டிவிடுவேன் என்று சொல்லிக் கிளம்பினார்.

அவர் போன பிறகு மேஜையைத் துடைத்தேன். அந்த ஸ்பேர் அம்பு மட்டும் கிடந்தது. அதன் இறகு கிழிந்திருந்ததால் இன்சர்ட்டை மட்டும் எடுத்துவிட்டு ஒதுக்கியிருந்தேன். கடைசியாகத் தீயில் காட்டிய நாலைந்தில் அதுவும் ஒன்று. டப்பாவில் போடப் போனவன், சும்மா கை பழக்கத்தில் இரண்டு கட்டை விரலாலும் லேசாக வளைத்தேன்.

முறுக்கு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம்.

விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். வாய்ப்பகுதியில் இருந்து மயிரிழை போல ஒரு கோடு, நான்கு விரல்கடைக்கு ஓடியிருந்தது. நகத்தால் நெம்பினால் திறந்தது. மேஜைக்கு மேலே இருந்த அந்தப் புகைப்படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பெரியவருக்கு போன் போட்டேன். அணைத்து வைத்திருப்பதாக அரபியில் ஒரு குரல் சொன்னது. மறுபடி போட்டேன். அதே குரல். ஐந்து தடவை, ஆறு தடவை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், ஒற்றை டிக்கோடு நின்றது. அவருடைய தோட்டம் அல் தைத் ஊரைத் தாண்டி உள்ளே இருக்கிறது, அங்கே சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை இலக்குப் பலகை இறக்கிவைக்கப் போயிருக்கிறேன்.

மேனேஜருக்கு போன் செய்து உள்ளதைச் சொன்னேன். அவர் மலையாளி, என்னோடு தமிழ் கலந்துதான் பேசுவார்.

"எத்தனை அம்பு?"

"தெரியல சேட்டா. நாலு இருக்கலாம். அஞ்சு இருக்கலாம்."

"ஒண்ணும் ஆகாதுடா. அவர் போன் எடுக்கும்போது சொல்லிக்கலாம். நீயா போய்த் தப்பு பண்ணிட்டேன்னு நின்னா கடை பேரு என்ன ஆகும்? உன் விசா என்ன ஆகும்? யோசி. நான் வர்ற வரைக்கும் கடைய விட்டு நகராதே."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் பிள்ளைகள், பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாம் உண்டு. போனை வைத்த பிறகு, அவர் சொன்னபடி உட்கார்ந்துவிடலாம் என்று எனக்கே தோன்றியது. நாற்காலியில் உட்காரவும் செய்தேன். ஒருவேளை நல்ல அம்பாக எடுத்து விடுவார். ஒருவேளை ஒன்றும் ஆகாது. தங்கை கல்யாணத்துக்கு மூன்று மாதம்தான் இருந்தது. வேலை போனால் என்ன செய்வது? இரண்டு நிமிடம் இருக்கும், அப்படியே உட்கார்ந்திருந்தேன். 'சப் செக் கியா' என்று அவர் கேட்ட முகம் போகவே இல்லை.

வெளியே கடை வேனில் டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். பெஷாவர் பக்கத்துப் பட்டாணி, தாடி நரைத்தவர். கண்ணாடியைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். மேனேஜர் போகக்கூடாது என்று சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். விஷயம் தெரியாமல் அவர் மாட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா? அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பைட்டோ பாய். ஜல்தி." உட்கார், சீக்கிரம் என்று.

ஒரு கட்டு புதுக் குழல்கள், பித்தளை இன்சர்ட்டுகள், பசை, வெட்டும் மெஷின், உருளை எல்லாவற்றையும் அள்ளி வேனில் போட்டுக் கடையைப் பூட்டினேன். மணி பன்னிரண்டே கால்.

தோட்டத்துக்குப் போய்ச்சேரச் சாதாரணமாக ஐம்பது நிமிடம் ஆகும். பட்டாணி கேமரா இருக்கும் இடமெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தார். கேமரா வந்தால் குறைப்பார், தாண்டியதும் மிதிப்பார். கல் குவாரி லாரிகள் வரிசையாகப் போகும் இடத்தில் வந்து மாட்டிக்கொண்டோம். முன்னால் ஒரு லாரி டயர் வெடித்துக் குறுக்கே நின்றது. ஒரே ஒரு வழியில் வண்டிகள் நகர்ந்தன. நான் நிமிடத்துக்கு ஒருமுறை போன் போட்டேன். அணைத்து வைத்திருப்பதாக அதே குரல். என் வாய் ஏதேதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பட்டாணியும் ஸ்டீயரிங்கில் விரலால் தட்டியபடி வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அல் தைத் தாண்டி மண் பாதையில் திரும்பும்போது மணி ஒன்றேகால். இரண்டு பக்கமும் கம்பி வேலி, அதற்குள் பேரீச்சை மரங்கள். ஒரே மாதிரி கேட்டுகள். மூன்றாவதா நான்காவதா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு கேட்டில் இறங்கிப் பார்த்தேன், அது இல்லை. அடுத்ததற்கு ஓடினேன். பச்சை பெயிண்ட், மேலே கேமரா, பெல். அதேதான்.

பெல்லை அழுத்தினேன். "மீன்?" என்று ஒரு பெண் குரல். யாரென்று கேட்கிறது. எனக்குத் தெரிந்த அரபி மொத்தமும் ஓடிப்போய்விட்டது. ஹிந்தியில் படபடவென்று சொன்னேன். அந்தப் பக்கம், "மாஃபி மாலூம், மாஃபி மாலூம்" என்று ஏதும் புரியாத குரல்.

"ஐயோ கடவுளே, இப்ப எப்படிச் சொல்வேன்" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"தம்பி... நீங்கள் தமிழோ?"

பெல்லுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரில் வாயை ஒட்டினேன்.

"ஆமாக்கா! சார் எங்கக்கா? அம்பு விடப் போயிட்டாரா?"

"ஓம். இப்ப கொஞ்சம் முந்தித்தான் பின்னாலை போனவர். ஆர் நீங்கள்?"

"அம்புக் கடையில இருந்து வர்றேன்கா. காலைல நான் குடுத்த அம்பு உடைஞ்சிருக்கு. அத விட்டாருன்னா அவர் கையிலயே குத்திரும். எப்படியாவது நிறுத்துங்கக்கா. உங்க கால்ல விழுறேன்."

அவர் என்னை நம்புவதற்கு ஒரு காரணமும் கிடையாது. கேமராவில் தெரிந்திருப்பது, முகமெல்லாம் வேர்த்து, கத்திக்கொண்டிருக்கிற ஒரு ஆள்.

"கதவைத் திறந்து விடுறன். நீங்கள் வாங்கோ, நான் ஓடுறன்."

கேட் நகரத் தொடங்கியது. அது எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்று என்னால் சொல்ல முடியாது. உடம்பு நுழையும் அளவுக்கு இடைவெளி வந்ததும் பக்கவாட்டில் நுழைந்து ஓடினேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போக வேண்டும். பெரிய மோட்டார் ஒன்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

வீட்டு மூலையைத் திரும்பியதும் பார்த்தேன்.

நூறு நூற்றைம்பது அடி தூரத்தில், நிழல் வலைக்குக் கீழே பெரியவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். வில்லைத் தூக்கியாகிவிட்டது. நாண் பாதி வந்து, முழுதும் வந்து, தாடையில் நின்றது. அவருக்கு முன்னால் பேரீச்சை மரங்களுக்கு நடுவே நீளமான பாதை, கடைசியில் இலக்குப் பலகை. பலகையில் ஏற்கெனவே ஒரு அம்பு குத்தி நின்றது. நான் ஓடினேன். கத்தினேன். மோட்டார் எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

அப்போது மரங்களின் வரிசைக்குள் இருந்து அந்த அக்கா வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, சமையல் ஏப்ரன், காலில் செருப்பு இல்லை. நேராக நடந்து பாதையின் நடுவில், அம்புக்கு எதிரே, பதினைந்து அடி தூரத்தில் போய் நின்றார். இரண்டு கைகளையும் விரித்தார்.

என் கால் அப்படியே நின்றுவிட்டது. அந்த ஒரு கணத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இவரை நான் கொன்றுவிட்டேன்.

நாணை முழுதாக இழுத்தவர் திடுக்கிட்டால் விரல் தானாக விட்டுவிடும். எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். பெரியவர் விடவில்லை. அவர் தோள் நடுங்கியது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. வில்லைத் தரைப்பக்கம் சாய்த்து, நாணை அங்குலம் அங்குலமாக முன்னால் போகவிட்டு, அம்பை எடுத்த பிறகுதான் கத்தினார். அரபியில் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அக்கா விரித்த கையை இறக்காமல் அப்படியே நின்றார். கண்ணை மூடியிருந்தார்.

நான் போய்ப் பெரியவர் முன்னால் நின்றேன்.

"சார், மேரா கல்தி ஹை" என்றேன். என் தப்பு சார். தீயில் சுட்டது, வளைத்துப் பார்க்காதது, ஸ்பேர் அம்பு முறிந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கையில் இருந்த அம்பின் பிராட்ஹெட்டைச் சாவி போட்டுக் கழற்றிவிட்டு, வெறும் குழலை என்னிடம் நீட்டினார். செய்து காட்டு என்று அர்த்தம்.

வளைத்தேன். சத்தம் வந்தது.

அவர் வாங்கித் தானே ஒருமுறை வளைத்தார். மோட்டார் சத்தத்தை மீறி அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். பிறகு பலகைக்கு நடந்து போய், குத்தியிருந்த முதல் அம்பை இழுத்தார். குழல் மட்டும் கையோடு வந்தது. பிராட்ஹெட் பலகைக்குள்ளேயே நின்றுவிட்டது. குழலின் வாய் இரண்டாகப் பிளந்து, நார் நாராகத் தொங்கியது. அதையே வெகுநேரம் பார்த்தார். வில் பிடிக்கும் இடது கையை விரித்துப் பார்த்தார், மூடினார்.

"காலையில் கேட்டேனே" என்றார்.

"கேட்டீங்க சார். பொய் சொன்னேன்."

திட்டுவார் என்று நின்றேன். அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். அவர் போய் மோட்டாரை நிறுத்தினார். திடீரென்று அவ்வளவு அமைதி. அங்கே இருந்த ஒரே நாற்காலியை இழுத்து அந்த அக்காவுக்குப் போட்டு, உட்காரச் சொன்னார். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். பெரியவர் மறுபடி சொன்னார். அக்கா நாற்காலியின் நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தார். அப்புறம்தான் பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"சாமான் கொண்டுவந்திருக்கிறாயா? என் கண் முன்னால் செய். எல்லாமே."

பழைய குழல் ஒன்றுகூட வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். வேனில் இருந்து எல்லாவற்றையும் இறக்கினோம். தோட்டத்துக் கொட்டகையில் மேஜை போட்டு, இரண்டரை மணி நேரம் வேலை செய்தேன். முதல் அம்பைப் பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். குழலை அளவுக்கு வெட்டி, வெட்டிய வாயைத் தேய்த்துச் சமமாக்கி, உள்ளே ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பஞ்சை எடுத்துக் குழல் நெடுகத் தடவினேன், எங்காவது இழை சிக்குகிறதா என்று. பசையையும் இன்சர்ட்டையும்தான் சூடாக்கினேன், குழல் பக்கம் தீயைக் கொண்டுபோகவே இல்லை. இன்சர்ட்டைத் திருகியபடி உள்ளே தள்ளி ஆறவிட்டேன். பிராட்ஹெட்டை விரலால் தொடாமல் சாவியால் இறுக்கினேன். உருளையில் வைத்துச் சுற்றினேன். முடிந்த ஒவ்வொரு அம்பையும் அவர் வாங்கிக் கொஞ்சமாக வளைத்து, காதருகே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பன்னிரண்டையும் அப்படிக் கேட்டார். ஒன்றுக்கும் அவசரப்படவில்லை.

நடுவில் பெரியவர் தொழப் போனபோது அந்த அக்கா எனக்கும் பட்டாணிக்கும் பிளேன்டீ கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஊர் என்றார். பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து இரண்டு வருடமாம்.

"பயமா இல்லையாக்கா? அப்படிப் போய் முன்னால நின்னுட்டீங்களே!"

"என்ன செய்யிறது தம்பி? பின்னாலை நிண்டு கூப்பிட்டுப் பாத்தன், மோட்டருக்குள்ளை அவருக்குக் கேக்கேல்ல. தொட்டா விட்டிடுவாரோ எண்டு பயம். அம்பு உடைஞ்சு போச்சு எண்டு அரபியிலை எப்பிடிச் சொல்லுறதெண்டும் எனக்குத் தெரியாது. சமையலுக்குத் தேவையான சொல்லுத்தான் எனக்குத் தெரியும். அதான் முன்னாலை போய் நிண்டனான்."

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார்.

"அவற்ர கையிலை குத்தும் எண்டுதானே நீங்கள் சொன்னனீங்கள்? எனக்குக் குத்தும் எண்டு நான் யோசிக்கவே இல்லை. அந்தக் கத்தியை நேரே பாத்த பிறகுதான் யோசிச்சன். அதுக்குப் பிறகு கால் நகரேல்ல."

சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது பெரியவர் கேட் வரைக்கும் வந்தார். நன்றி என்றும் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "போன் அணைத்து வைத்தது என் தவறு" என்று மட்டும் சொன்னார். அது எனக்கு இன்னும் கனத்தது.

என் வேலை போகவில்லை. முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து ஒருவர் பொருத்திய அம்பை இன்னொருவர் வளைத்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆனது. மேனேஜர் பத்து நாள் என்னோடு பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டார். பெரியவர் பயணம் முடிந்து வந்து, மறுபடியும் என்னிடமே வேலை கொடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒருமுறைகூட 'செக் செய்தாயா' என்று என்னைக் கேட்டதில்லை. கடையிலேயே நின்று, ஒவ்வொரு அம்பையும் தானே வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போவார். அது நானே தேடிக்கொண்டது, குறைப்பட ஒன்றுமில்லை.

அந்த அக்காவை மறுபடி பார்க்கவில்லை. அடுத்த வருடம் விசாரித்தபோது, ஊருக்கே போய்விட்டதாகப் பெரியவர் சொன்னார். பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நான் அன்றைக்கு ஓடியது பெரிய காரியமில்லை. செய்த தப்பு விரட்டியது, ஓடினேன். அதற்கு முன்னும் இரண்டு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டவன்தான் நான். அந்த அக்காவுக்கோ முன்பின் தெரியாத ஒருவனின் குரல் மட்டும்தான் கேட்டது, உண்மையா பொய்யா என்று பார்க்க நேரமில்லை, வேலை போய்விடும் என்ற பயம் என்னைவிட அவருக்குத்தான் அதிகம் இருந்திருக்கும். இன்றைக்கும் ஏதாவது ஒரு விஷயத்தில் சொல்லலாமா, பேசாமல் இருந்துவிடலாமா என்று மனசு தயங்கும்போதெல்லாம், சொல்லத் தெரியாததால் போய் நின்ற அந்த அக்காவை நினைத்துக்கொள்கிறேன். எனக்குத்தான் சொல்லத் தெரியுமே, பிறகு என்ன தயக்கம் என்று எழுந்துவிடுகிறேன்.